விடுதலைத் தீர்ப்பைக் கையில் வைத்திருக்கும் எஸ்.ஐ.க்கு

கேள்வி: ஐயா, எனக்கு 29 வயது. நேரடித் தேர்வில் வந்த எஸ்.ஐ. வட மாவட்டம் ஒன்றில், கிராமங்கள் சூழ்ந்த ஒரு ஸ்டேஷனில் நான்கு வருடமாக இருக்கிறேன். 2022-ல், தனியாக இருந்த ஒரு பாட்டியின் வீட்டில் ராத்திரி பின்கதவை நெம்பித் திறந்து 11 பவுன் திருடிவிட்டார்கள். ரெட்டைவடச் சங்கிலி ஒன்று, பேத்தி கல்யாணத்துக்கென்று வைத்திருந்த ஆறு வளையல். நான் விசாரித்த முதல் பெரிய வழக்கு அது. 12 நாளில் ஆளைப் பிடித்தோம். நகையும் முழுசாகக் கிடைத்தது. எஸ்.பி. ஐயா கையால் ரிவார்டு வாங்கினேன். போன மாதம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், விடுதலையாகிவிட்டான். நகையைக் கைப்பற்றியபோது எழுதிய மகஜரின் சாட்சிகளை நம்ப முடியவில்லை, கைது செய்ததாகச் சொல்லும் நேரம் உண்மையல்ல, விரல்ரேகை அறிக்கை ஏன் தாக்கல் செய்யப்படவில்லை என்று விளக்கமில்லை என்று நீதிபதி எழுதியிருக்கிறார். புலனாய்வு அதிகாரி மீது அதிருப்தி என்று ஒரு வரியும் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் சொன்னபடிதான் எழுதினேன் ஐயா. மாதத்தில் பாதி நாள் பந்தோபஸ்துக்கே போகிறது. சென்னையில் ஒரு தனியார் வங்கியில் மோசடி விசாரணைப் பிரிவில் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். சம்பளம் கூடுதல், ஞாயிற்றுக்கிழமை லீவு. இரண்டு வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். இந்தக் கறை என் சர்வீஸில் நிற்குமா? இப்படி ஓடிக்கொண்டே ஒருத்தி நல்ல புலனாய்வு அதிகாரி ஆக முடியுமா? விட்டுவிடலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த தீர்ப்பு நகலையும் உட்கார்ந்து படித்தேன். 1986-ல் எஸ்.ஐ.யாகச் சேர்ந்து, 34 வருடம் கழித்து ஏ.டி.எஸ்.பி.யாக (கூடுதல் எஸ்.பி.) வெளியே வந்தவன் நான். அந்த 34 வருடத்தில் என் கையிலும் இதுபோன்ற தீர்ப்புகள் இருந்திருக்கின்றன. அதனால் நேராகவே சொல்கிறேன். அந்தத் தீர்ப்பு சரியான தீர்ப்பு. அந்த மாஜிஸ்ட்ரேட் இடத்தில் நான் இருந்தாலும் விடுதலைதான் செய்திருப்பேன். உங்கள் மனம் வலிக்கும் என்று தெரிந்தே இதை முதலில் சொல்கிறேன். இதை ஒப்புக்கொண்டால்தான் மற்றதைப் பேச முடியும்.

மகஜர் சாட்சிகளைப் பாருங்கள். இரண்டு பேருமே ஸ்டேஷன் வாசலில் கடை வைத்திருப்பவர்கள். அதே வருடத்தில் உங்கள் ஸ்டேஷனின் வேறு இரண்டு வழக்கிலும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எதிர்தரப்பு வக்கீல் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. “இதற்கு முன்னால் எத்தனை வழக்கில் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். முதல் சாட்சி தடுமாறினார், இரண்டாவது சாட்சி பிறழ் சாட்சியாகிப் போனார். நகை எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வி.ஏ.ஓ. அலுவலகம் இருந்தது, நான்கு வீடுகள் இருந்தன. அவர்களைக் கூப்பிட்டால் வர மாட்டார்கள், வந்தாலும் கோர்ட்டுக்கு அலைய மாட்டார்கள் என்று ஸ்டேஷனில் சொல்லியிருப்பார்கள். எல்லா ஸ்டேஷனிலும் சொல்வதுதான். பாதி உண்மையும் கூட. ஆனால் கூப்பிட்டுப் பார்த்ததாகவே உங்கள் சி.டி. (கேஸ் டைரி) ஃபைலில் ஒரு வரி இல்லையே அம்மா.

அடுத்தது கைது நேரம். காலை 6 மணிக்கு பஸ் ஸ்டாண்டு அருகே வாகனச் சோதனையில் சந்தேகப்படும்படி நின்றவனைப் பிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தின நாள் இரவு 9 மணிக்கே அவனுடைய அம்மா, “என் மகனைப் போலீஸ் வீட்டிலிருந்து கூட்டிப் போய்விட்டது” என்று எஸ்.பி. அலுவலகத்துக்கு ஆன்லைனில் மனு அனுப்பிவிட்டார். அந்த மனுவின் நகல்தான் உங்கள் வழக்கைக் கவிழ்த்தது. எங்கள் காலத்தில் இதே வேலையைத் தந்தி செய்தது. ஆளைத் தூக்கினால் அந்த வீட்டார் முதலில் ஓடுவது தந்தி ஆபீஸுக்குத்தான். கலெக்டருக்கு ஒன்று, மாஜிஸ்ட்ரேட்டுக்கு ஒன்று அடிப்பார்கள். 2013-ல் தந்தி சேவையே நின்றுபோனது. ஆனால் மகனைக் காணாத தாய் ஏதாவது ஒரு வழியில் நேரத்தைப் பதிவு செய்துவிடுவாள். கைது செய்தவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. உங்களுக்கு அந்த 24 மணி நேரமே போதுமானதாக இருந்தது. இரவு 8 மணிக்கு வீட்டில் கைது என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் வழக்குக்கு ஒரு சேதமும் வந்திருக்காது. “பஸ் ஸ்டாண்டு, காலை 6 மணி” என்பது பழைய எஃப்.ஐ.ஆர்.களிலிருந்து பார்த்து எழுதும் பழக்கம். அந்தப் பழக்கத்துக்காக ஒரு பாட்டியின் வழக்கைக் கொடுத்துவிட்டோம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. பீரோ கதவில் இரண்டு விரல்ரேகை எடுத்திருக்கிறார்கள். எதிரியின் ரேகையோடு ஒத்துப்போகிறது என்று அறிக்கையும் வந்துவிட்டது. ஆனால் குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலில் விரல்ரேகை நிபுணரின் பெயரே இல்லை. “ரெகவரிதான் வந்துவிட்டதே, இது எதற்கு” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சாட்சி பிறழ்வார், ஏட்டு மாற்றலாகிப் போவார், பாட்டிக்குக் கண் மங்கும். அந்த பீரோ கதவில் பதிந்த ரேகை மட்டும் மூன்று வருடம் கழித்தும் அப்படியே இருந்தது. அதைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக ஆளில்லை.

இப்போது என் கதையைச் சொல்கிறேன். சர்வீஸில் ஐந்தாவது வருடம். ஒரு சின்ன டவுனில் துணிக்கடைக்காரர் வீட்டில் திருட்டு. ஜன்னல் கம்பியை வளைத்து உள்ளே வந்திருக்கிறார்கள் என்று வீட்டிலிருந்த எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். கம்பி வளைந்துதான் இருந்தது. நானும் அதையே நம்பி மகஜர் எழுத உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த ஏட்டையா, 50 வயதைத் தாண்டியவர், ஜன்னல் பக்கம் போய் நின்றவர் நகரவே இல்லை. “ஐயா, இங்க கொஞ்சம் வாங்க” என்றார். வளைந்த கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் ஒரு விட்டில் பூச்சி காய்ந்து போய், ஒரு இறக்கை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கம்பி வளைந்து மாதக்கணக்காகியிருக்கிறது, அந்த வழியாக ஒரு பூனைகூட வரவில்லை என்று எங்கள் இருவருக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கதவை உள்ளேயிருந்துதான் திறந்திருக்கிறார்கள். வீட்டில் தங்கியிருந்த அக்கா மகனைத்தான் கடைசியில் கைது செய்தோம். நகையில் பாதி கிடைத்தது.

அன்று சாயங்காலம் ஏட்டையா கேட்டார்: “அந்த வலையை எழுதிட்டீங்களா ஐயா?” நான், “அதெல்லாம் மறக்குமா ஏட்டையா” என்றேன். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்ற எண்ணம். எழுதவில்லை. போட்டோகிராபர் பீரோவைத்தான் படம் எடுத்தார், ஜன்னலை எடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் ஏறினேன். வெளியாள் ஜன்னல் வழியாக வந்து திருடியிருக்கிறான் என்பது எதிர்தரப்பு வாதம். நான் சிலந்தி வலையைச் சொன்னேன். “பார்வை மகஜரில் இருக்கிறதா?” இல்லை. “வரைபடத்தில்?” இல்லை. “கேஸ் டைரியில்?” இல்லை. “எந்தச் சாட்சியாவது வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறாரா?” இல்லை. நான்கு முறை இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஏட்டையா கோர்ட் வராந்தாவில் நின்றிருந்தார். என்னைப் பார்த்து ஒன்றுமே சொல்லவில்லை. அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை, சம்பவ இடத்தைவிட்டு நகர்வதற்கு முன்னால் நான் பார்த்ததை எழுதி முடிக்காமல் வண்டியில் ஏறியதில்லை. புலனாய்வு என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: கண்ணில் பட்டதை, பட்ட நேரத்தில், பட்டபடி எழுதி வைப்பது. மற்ற திறமையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சர்வீஸில் சேர்ந்த மூன்றாவது வருடம் நான் ஒருவனை அடித்திருக்கிறேன். சைக்கிள் திருட்டில் பிடிபட்டவன். அடிக்க அடிக்க ஒவ்வொரு திருட்டாக ஒப்புக்கொண்டான். பூட்டிய வீடு மூன்று, ஒரு கோயில் உண்டியல். ஸ்டேஷனே சந்தோஷப்பட்டது. அந்த நகைகள் எங்கே என்று கேட்டபோது எங்களை ஊர் ஊராகக் கூட்டிப்போனான். எங்கேயும் எதுவும் இல்லை. நான்காவது ஊரில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதான். அவன் செய்யாததை எப்படிக் காட்டுவான்? ஐந்து மாதம் கழித்து அந்த மூன்று வீட்டையும் உடைத்த கும்பல் பக்கத்து மாவட்டத்தில் பிடிபட்டது. அந்த ஐந்து மாதமும் உண்மையான திருடர்களைத் தேடுவதை நாங்கள் நிறுத்தியிருந்தோம். அவன் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் யார் மீதும் கை வைக்கவில்லை. அதனால் என் வழக்குகள் குறையவும் இல்லை.

போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று அன்றைய சாட்சியச் சட்டமும் சொன்னது, இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் 23-ம் பிரிவில் சொல்கிறது. கைதானவன் சொன்னதன் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் உள்ளே வரும். நம் சென்னை மாகாணத்திலிருந்து அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன புலுக்குரி கோட்டையா வழக்கில் 1946-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டார்கள். “நான் திருடினேன்” என்பது வராது. “நகையை இன்ன இடத்தில் வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்” என்பது வரும். உங்கள் வழக்கில் மூன்று பக்க வாக்குமூலத்தையும் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். ஏற்கத்தக்க பகுதியைத் தனியாகக் குறிக்க வேண்டும் என்று ஸ்டேஷனில் காகித வேலை பார்க்கும் ரைட்டருக்குத் தெரிந்திருக்கும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அனுபவமுள்ள ஸ்டேஷன் ரைட்டரைப்போல ஒரு வாத்தியார் எந்த அகாடமியிலும் கிடையாது. ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் சட்டம் சொல்லித்தருவார்கள். எந்தக் காகிதம் எந்த நேரத்தில் கிளம்ப வேண்டும், உடனுக்குடன் அனுப்பும் எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்ட்ரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்பதை எதற்காகக் குறித்து வைக்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்க முடியும்.

“இன்ஸ்பெக்டர் சொன்னபடிதான் எழுதினேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது. யூனிஃபார்ம் போட்ட வேலையில் மேலதிகாரி சொன்னதை மறுப்பது எளிதில்லை. சண்டை போடச் சொல்லவில்லை. அடுத்த முறை அப்படிச் சொன்னால், “ஐயா, கூண்டில் நான்தான் நிற்க வேண்டும், உள்ள நேரத்தையே போட்டுவிடுகிறேன்” என்று மரியாதையோடு சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான இன்ஸ்பெக்டர்கள் அதற்கு மேல் வற்புறுத்த மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் விஷயம் தெரியும். வற்புறுத்துகிறவரும் உண்டு. அப்போதும் உங்கள் கையெழுத்து உங்களுடையதுதான். 2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட தந்தையும் மகனும் பின்னர் இறந்தபோது, விசாரிக்க வந்த மாஜிஸ்ட்ரேட்டிடம் அன்றிரவு நடந்ததைச் சொன்னது அதே ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர் ஒருவர். அவருக்கு வீடு, குழந்தைகள், பயம் எல்லாம் இருந்தன. அவர் சொன்னார். உங்களுக்கு இருந்தது அதில் நூறில் ஒரு பங்கு சோதனை. நேரத்தை மாற்றி எழுத மாட்டேன் என்று சொல்வது மட்டும்தான்.

இப்போது உங்கள் தலைமுறைக்கு ஒரு நல்ல காலம் பிறந்திருக்கிறது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில், சோதனை போடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் ஆடியோ வீடியோவில் பதிவு செய்து தாமதமின்றி மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்ப வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 105-ம் பிரிவு. நம்மவர்கள் பலர் இதைக் கூடுதல் சுமை என்று அலுத்துக்கொள்கிறார்கள். அம்மா, உங்கள் 11 பவுனை எடுத்த அந்தப் பத்து நிமிஷம் போனில் பதிவாகியிருந்தால், கடைக்காரர் பிறழ்ந்தால் என்ன, பிறழாவிட்டால் என்ன? 7 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் ஆட்கள் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் என்று 176-ம் பிரிவு சொல்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர 5 வருட அவகாசம் இருக்கிறது. ஆனால் நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, இப்போதே எழுதிக் கேட்டு வரவழைக்கலாம். 1849-லேயே ரசாயனப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்த ஊர் நம் சென்னை. அந்த மரபில் வந்த ஆய்வகம் நமக்கு இருக்கிறது. சரியாகப் பொதிந்து, சீல் வைத்து, சரியான கேள்வியோடு அனுப்பினால் சரியான பதில் வரும். கேள்வியை ‘இது ரத்தமா’ என்ற அளவில் நிறுத்திவிட்டு, பதில் வந்ததும் ‘யாருடைய ரத்தம் என்று சொல்லவில்லையே’ என்று குறைப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எழுதி வைப்பதன் பலம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, நம் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவின் வேலையைச் சொல்வேன். அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலில் இருந்து ஒரு நடராஜர் களவு போனார். 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் அவரை 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. எங்களுடையது என்று ஊர்க்காரர்கள் சொன்னால் மட்டும் அங்கே யாரும் கேட்டுவிட மாட்டார்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளைப் படமெடுத்து, ஊர் பெயரோடு அடுக்கி வைத்திருந்தது. அந்தப் பழைய படத்தையும் கலைக்கூடத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் வாதம் முடிந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்து சிலையைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் படத்தை எடுத்தவருக்கு, பின்னாளில் ஒரு குற்ற வழக்குக்கு அது ஆவணமாகும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. வேலையை ஒழுங்காகச் செய்து, தேதியும் இடமும் எழுதி வைத்தார், அவ்வளவுதான்.

பந்தோபஸ்துக்கு நடுவில் கற்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், ஆனால் யாரும் உங்களுக்கு நேரம் ஒதுக்கித் தர மாட்டார்கள். கோர்ட் டூட்டி வரும்போது உங்கள் சாட்சியம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டில் வேறு ஸ்டேஷனின் கொலை வழக்கு நடக்கும். பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேளுங்கள். குறுக்கு விசாரணையில் வக்கீல் எந்த இடத்தில் கை வைக்கிறார் என்று பாருங்கள். எனக்குப் புலனாய்வைக் கற்றுக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் எதிர்தரப்பு வக்கீல்கள். உங்கள் ஏ.பி.பி.யிடம் (அரசுத் தரப்பு உதவி வக்கீல்) குற்றப்பத்திரிகை போடுவதற்கு முன்னால் ஒருமுறை ஃபைலைக் காட்டி, எது குறைகிறது என்று கேளுங்கள். கேட்டிருந்தால் விரல்ரேகை நிபுணர் விடுபட்டிருக்க மாட்டார். அப்புறம், சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. திருவிழா பந்தோபஸ்தில் நிற்கும்போதுகூட, அந்தத் தெருவில் யார் எந்த நேரத்துக்குக் கடை திறக்கிறார், எந்த கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டே இருப்பேன். இரண்டு முறை அந்த நோட்டு எனக்கு வழக்கையே கொடுத்திருக்கிறது. சிசிடிவி பதிவு பல கடைகளில் சில நாளில் தானாக அழிந்துவிடும். முதல் நாளே போய் எடுக்காவிட்டால் அப்புறம் இல்லை. எடுத்தால் அதோடு சாக்ஷ்ய அதிநியம் 63-ம் பிரிவுச் சான்றிதழையும் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் பென் டிரைவை நீட்டிப் பயனில்லை.

இரண்டு வருடம் ஸ்டேஷனில் இப்படிப் பழகிவிட்டு மாவட்டக் குற்றப்பிரிவுக்கோ, சைபர் பிரிவுக்கோ, பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கோ விருப்ப மனு கொடுங்கள். அங்கே பந்தோபஸ்து குறையும், ஒரே ஃபைலோடு மாதக்கணக்கில் உட்கார முடியும். உங்கள் எழுத்து நடை தெளிவாக இருக்கிறது. பொருளாதாரக் குற்றத்தில் அது பெரிய சொத்து.

கறை நிற்குமா என்பதற்கு வருகிறேன். விளக்கம் கேட்டு மெமோ வரலாம். 2014-ல் குஜராத் அரசு எதிர் கிஷன்பாய் வழக்கில், விடுதலையாகும் ஒவ்வொரு வழக்கையும் ஆராய்ந்து, புலனாய்விலோ அரசுத் தரப்பிலோ தவறு எங்கே என்று பார்க்க மாநிலங்கள் குழு அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் கேள்வி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பதிலில் இன்ஸ்பெக்டரைக் கைகாட்டாதீர்கள், சாட்சிகளைத் திட்டாதீர்கள். நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, விரல்ரேகை நிபுணரைச் சேர்க்காதது என் கவனக்குறைவு என்று ஒப்புக்கொள்ளுங்கள். பதில் எழுதும்போது சர்வீஸில் பெரியவர் ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். கடுமையான துறை நடவடிக்கையான 3(பி) சார்ஜ் வரை போனவர்கள் பின்னால் நல்ல இன்ஸ்பெக்டர்களாக, டி.எஸ்.பி.க்களாக வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நாளைக்கு ஒரு மூத்த அதிகாரி உங்களைப் பற்றிக் கேட்டால், அந்த விடுதலைக்குப் பிறகு வந்த வழக்குகளைத்தான் பார்ப்பார்.

வங்கி வேலை நல்ல வேலை. அதைத் தாழ்வாகச் சொல்ல எனக்கு மனம் வராது. என் பேட்ச்மேட் ஒருவர் விருப்ப ஓய்வில் அப்படிப் போய் நிம்மதியாக இருக்கிறார். ஆனால் அங்கே நீங்கள் கண்டுபிடித்தது ஒரு அறிக்கையாக நிர்வாகத்தின் மேஜைக்குப் போகும், அதை என்ன செய்வது என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். சோதனை போடும் அதிகாரமும் கிடையாது, கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. கடைசியில் அவர்களும் ஒரு ஸ்டேஷனில் வந்து புகார்தான் கொடுக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி பாட்டியின் வழக்கைப் பற்றித்தான் இருக்கிறது, சம்பளத்தைப் பற்றி ஒரே வரி. அதனால்தான் இந்தத் தீர்ப்பின் சூட்டில் முடிவெடுக்காதீர்கள் என்கிறேன்.

மகளுக்காக என்றால் அது வேறு கணக்கு. என் பெண்ணின் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாளில் நான் ஒரு தேரோட்டத்தில் கயிறு பிடித்துக் கூட்டம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவள் மார்க்கை மறுநாள் இரவு 11 மணிக்கு, அவள் தூங்கின பிறகு, காலண்டருக்குப் பின்னால் எழுதி மாட்டியிருந்த சீட்டில் படித்தேன். இன்றைக்கும் அவள் அதைச் சொல்லிக்காட்ட மாட்டாள், அதுவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் மாமியாரும் உட்கார்ந்து பேசி, குழந்தைக்காக விடுவது என்று முடிவு செய்தால், அதில் ஒரு குறையும் இல்லை. தோற்றுப் போனேன் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த நகை மூன்று வருடமாகக் கோர்ட்டில் கிடக்கிறது. வழக்கு நடக்கும்போதே, போட்டோ எடுத்து, மதிப்பிட்டு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்கலாம், வருடக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. பாட்டிக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் சொத்து பற்றி என்ன உத்தரவு என்று பாருங்கள். எதிரி அந்த நகை தன்னுடையது என்று எங்கேயும் சொல்லவில்லை. அப்பீல் கெடு முடிந்ததும் பாட்டிக்கே கொடுக்கச் சொல்லி உத்தரவு இருந்தால், அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு அன்றைக்கு நீங்களே அவரைக் கூட்டிப் போங்கள். உத்தரவு இல்லாவிட்டால் மனுப் போட உதவுங்கள். அரசுத் தரப்பில் அப்பீல் போக முடியுமா என்று ஏ.பி.பி.யிடம் கருத்துக் கேளுங்கள். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் பாட்டிக்கே அப்பீல் உரிமை இருக்கிறது, இலவச சட்ட உதவி மையத்தில் வக்கீலும் கிடைப்பார். இதையும் அவரிடம் சொல்லுங்கள்.

யூனிஃபார்ம் இல்லாமல் போங்கள். விடுதலை என்றால் என்ன, ஏன் ஆனது, அதில் உங்கள் தவறு எது என்று அவருக்குப் புரியும்படி நீங்களே சொல்லுங்கள். கோபப்படலாம், அழலாம், ஒன்றும் சொல்லாமல் காபி போட உள்ளே போகலாம். அவர் பேசி முடிக்கும் வரை இருந்துவிட்டு வாருங்கள். பேத்திக்குக் கல்யாணம் எப்போது என்று கேட்டு, அந்தத் தேதிக்குள் வளையல் கைக்கு வர என்னென்ன காகிதம் வேண்டும் என்று அன்றைக்கே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.